நோட்டீஸில் விடுபட்ட பெயர்

குழு: தாத்தா வீடு, மேலூர்

சித்தப்பா, காலை 6:40
[படம்]
மாப்பிள்ளை மேலூர் தொகுதியில் சுயேச்சையாக நிற்பது உறுதியாகிவிட்டது. ஊர் ஊராகக் கொடுப்பதற்கு அவர் அடிக்கப்போகும் நோட்டீஸின் மாதிரி இது. நாளை மாலைக்குள் அச்சகத்தில் சேர்க்க வேண்டுமாம். எழுத்துப் பிழை இருந்தால் அண்ணன் திருத்திக் கொடுத்தால் போதும்.

அத்தை, 6:52
ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று அதில் போட்டிருக்கிறதா?

பெரியப்பா, 7:31
நோட்டீஸைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன். றகர ரகரப் பிழைகள் மூன்று இருக்கின்றன. அவற்றைத் தனியே எழுதி அனுப்புகிறேன். என் வருத்தம் வேறு இடத்தில். முதல் வரியே “ஊராட்சித் தலைவராகத் தொடர்ந்து 13 ஆண்டுகள் மக்கள் பணியாற்றியவர்” என்று தொடங்குகிறது. மாப்பிள்ளை தலைவராக இருந்தது 2011 அக்டோபர் முதல் 2016 அக்டோபர் வரை, ஒரே ஒரு முறை. அதன் பிறகு உள்ளாட்சித் தேர்தல் தள்ளிக்கொண்டே போய், 2019 டிசம்பரில்தான் நம் மாவட்டத்தில் நடந்தது. அந்த மூன்று ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் எந்த ஊராட்சிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது; எல்லாவற்றுக்கும் தனி அலுவலர்தான் கையெழுத்திட்டார். ஒன்றிய அலுவலகத்தில் அப்போது அந்தக் கோப்புகளை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.
2019 தேர்தலில் நம் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்று, 2025 ஜனவரி 5 வரை தலைவராக இருந்தவள் நம் வீட்டுப் பெண். நோட்டீஸின் இரண்டு பக்கத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், அவள் பெயர் எங்கும் இல்லை.

அத்தை, 7:34
நானும் அதைத்தான் தேடினேன் அண்ணே.

மதுரைத் தம்பி, 7:40
பெரியப்பா, நோட்டீஸ் என்பது தணிக்கை அறிக்கை இல்லையே. அக்கா தலைவராக இருந்த ஐந்து ஆண்டும் ஒன்றிய அலுவலகத்துக்கு அலைந்தது அத்தான்தான் என்பது ஊருக்கே தெரியும்.

அத்தை, 7:41
அலைந்ததை எழுதட்டும். நாற்காலியை ஏன் எழுத வேண்டும்?

அக்கா, 7:45
அடுப்பில் பால் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

பெரியப்பா, 8:10
அடுத்தது தண்ணீர்த் தொட்டி. “மேலத்தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் கட்டித் தந்தார்” என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்தத் தொட்டி தனி அலுவலர் காலத்தில் கட்டியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் யாராவது கல்வெட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

சித்தப்பா, 8:12
அண்ணே, நான் எழுத்துப் பிழையை மட்டும்தான் பார்க்கச் சொன்னேன்.

ஊர்த் தங்கை, 8:55
[படம்]
கல்வெட்டின்மேல் யாரோ கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை ஒட்டிவைத்திருக்கிறார்கள். தண்ணீர் தெளித்துச் சுரண்டினேன், பாதிதான் உரிந்தது. “2017–2018” என்பதும் “தனி அலுவலர்” என்பதும் தெரிகின்றன. கீழே இருக்கும் வரிமேல் ஆடு உரசி உரசி எழுத்தே போய்விட்டது.

அத்தை, 8:57
அஞ்சலி யாருக்கு?

ஊர்த் தங்கை, 8:58
கீழத்தெரு பால்காரத் தாத்தாவுக்கு. அவர் காலமானது போன மாதம், அத்தை.

மதுரைத் தம்பி, 9:05
அந்தத் தொட்டி வேண்டும் என்று 2015-லேயே கிராம சபையில் தீர்மானம் போட்டது அத்தான். அது இல்லாமல் தொட்டி வந்திருக்காது.

பெரியப்பா, 9:22
நீ சொல்வது உண்மையானால் அது அவருக்குப் பெருமைதான். அப்படியே எழுதச் சொல்: “தொட்டி வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றினார்.” தீர்மானப் பதிவேட்டில் அது எந்தத் தேதியில் இருக்கிறது என்று பார்த்து, அந்தத் தேதியையும் சேர்த்துக்கொள்ளட்டும். வேட்புமனுவோடு வேட்பாளர் கொடுக்கும் படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஊருக்கு என்ன செய்தாய் என்று கேட்கும் கட்டம் கிடையாது. அதை இந்த நோட்டீஸ் ஒன்றுதான் சொல்லப்போகிறது. எதிர்த்து நிற்பவர்கள் தொட்டிக்கு அடியில் நின்று ஒரு படம் எடுத்துப் போட்டால், அவர் உண்மையாகச் செய்த மயானப் பாதையையும் கண்மாய் மடையையும்கூட ஊர் நம்பாது.

அத்தை, 9:26
தொட்டி யார் கட்டியதாக இருந்தாலும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வருகிறது. குழாய் எந்தத் தெருவிலிருந்து ஆரம்பித்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

சித்தப்பா, 9:27
தங்கச்சி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

அத்தை, 9:27
நான் தண்ணீரைத்தானே சொன்னேன். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் மூன்றாவதாக வந்தது என்று இந்தக் குழுவை விட்டு வெளியேறியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

சித்தப்பா, 9:29
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

பெரியப்பா, 10:04
கடைசிப் பத்திக்கு வருகிறேன். “டங்ஸ்டன் சுரங்கத்தைத் தடுத்து நிறுத்திய தனிமனிதர்” என்று எழுதியிருக்கிறார்கள். 2024 நவம்பர் 7-இல் அரிட்டாபட்டிப் பக்கம் சுரங்கம் தோண்டுவதற்கான ஏல முடிவு வெளியானபோது நம் பக்கத்தில் எந்தத் தெருவும் சும்மா இருக்கவில்லை. 23-ஆம் தேதி நடந்த கிராம சபையில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கிப் புறப்பட்ட கூட்டத்தை எல்லோரும் பார்த்தோம். 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. இத்தனை ஊர் சேர்ந்து இழுத்த தேரைத் தனிமனிதர் இழுத்தார் என்று நம் வீட்டு நோட்டீஸ் சொன்னால், அரிட்டாபட்டிக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?
நம் ஊர்த் தீர்மானத்தை அன்று வாசித்தது யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒலிபெருக்கி பாதியில் நின்றுவிட்டதால், அவள் நாற்காலிமேல் ஏறி நின்று வாசித்தாள். பின்வரிசையிலிருந்து நான் கேட்டேன், ஒரு சொல்கூடத் தவறவில்லை.

ஊர்த் தங்கை, 10:09
ஊர்வலத்தன்று ஒத்தக்கடையில் அக்காவுக்குச் செருப்பு அறுந்துவிட்டது. மீதித் தூரத்தை வெறுங்காலோடு நடந்தார்கள். பதவி முடிந்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

மதுரைத் தம்பி, 10:12
அத்தானும் அன்று சும்மா இருக்கவில்லை. குட்டி யானையில் தண்ணீர் கேனும் புளிச்சோறும் கொண்டுவந்து கூட்டத்துக்கெல்லாம் கொடுத்தார்.

பெரியப்பா, 10:15
புளிச்சோறு கொடுத்ததை எழுதலாம். அது உண்மை, நானும் சாப்பிட்டேன்.

அத்தை, 10:16
உப்பு கூடுதல்.

அக்கா, 11:20
எல்லாவற்றையும் இப்போதுதான் படித்து முடித்தேன். பெரியப்பா சொன்ன தேதிகள் சரி. என் ஐந்து ஆண்டில் நிறைய நாள் அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தேன் என்று ஊரில் பேசுகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. டங்ஸ்டன் தீர்மானத்தை நானே இரவில் உட்கார்ந்து எழுதினேன். அன்று அவர் ஒரு துக்க வீட்டுக்காகத் திருமங்கலம் போயிருந்தார். பதிவேட்டில் இருப்பதும் என் கையெழுத்து. நோட்டீஸைப் பற்றி என்னிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.

அத்தை, 11:22
நீயே நின்றிருக்கலாமே, மருமகளே.

சித்தப்பா, 11:22
தங்கச்சி!

அத்தை, 11:23
ஏன், 10,000 ரூபாய் கட்டுத்தொகையை நான் கொடுக்கமாட்டேனா?

சித்தப்பா, 11:40
மாப்பிள்ளையிடம் இப்போதுதான் பேசினேன். “13 ஆண்டுகள்” என்பதை எடுத்துவிடுகிறாராம். தொட்டி வரியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். “தனிமனிதர்” என்பது அச்சகத்துக்காரர் சேர்த்த சொல்லாம்.

பெரியப்பா, 11:48
சரி, அவர் சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் நோட்டீஸின் அடியில் அந்த அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். அது சட்டம். மாதிரியில் எதுவுமே இல்லை. முதல் வரியை நான் இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: “2011 முதல் 2016 வரை ஊராட்சித் தலைவராகப் பணியாற்றியவர், 2020 முதல் 2025 வரை தலைவராக இருந்த தம் துணைவியாருக்கு உடனிருந்து உதவியவர்.”

மதுரைத் தம்பி, 12:30
அத்தானுக்கு அனுப்பினேன். “உதவியவர்” என்ற சொல் வேண்டாம், “வழிநடத்தியவர்” என்று போடலாமா என்று கேட்கிறார்.

அக்கா, 12:31
வேண்டாம்.

மதுரைத் தம்பி, 12:58
சரி அக்கா, அந்த வரியை மாலையில் பேசிக்கொள்ளலாம் என்கிறார். பின்பக்கத்தில் உங்கள் படத்தைப் போட இடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட் அளவில் ஒன்று வேண்டுமாம்.

அக்கா, 1:15
பதவியேற்ற அன்று எடுத்த படம்தான் பீரோவில் இருக்கிறது. அதில் அவர் எனக்கு முன்னால் நிற்கிறார். வெட்டித்தான் அனுப்ப வேண்டும்.

சித்தப்பா, 1:16
அதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை, 1:20
ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேர் என்று காலையிலிருந்து கேட்கிறேன். அதற்குப் பிறகு என்னிடம் அரிசி போதவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.