பொடிமீன் கொட்டிக் கிடக்குது, விரால் ஏன் கடிக்கிறதில்லை?

கீழ்பவானி:
வணக்கமுங்க. பவானிசாகர்ல தண்ணி இறங்கிட்டே வருது. கரையோரம் பூரா ஜிலேபிக் குஞ்சும் கெண்டைப் பொடியும் மொய்க்குது. ஒரு கை பொரி போட்டா தண்ணி கொதிக்கிற மாதிரி மேல வருது. ஆனா விராலும் வாளையும் திரும்பிக்கூடப் பாக்கிறதில்லை. லூர்ல (செயற்கை இரை) தவளை உருவம், 10 செ.மீ. மினோ (பொடிமீன் உருவம்), ஸ்பூன் (மின்னுற தகடு) மூணும் போட்டாச்சு. தீனி இத்தனை இருந்தா வேட்டை மீன் நல்லாக் கடிக்கோணுமல்லங்க?

பழைய மதகு:
பொடிமீன் பெருகினா விராலுக்கு நல்லது. தூண்டில்காரனுக்கும் நல்லதுன்னு எடுத்துக்கக் கூடாதுங்க. வயிறு ரொம்பின மீன் இரை தேடி அலையாது. விடியக்கருக்கல்லயும் பொழுது சாயறப்பவும் கொஞ்ச நேரம் வேட்டையாடிட்டு கோரைக்குள்ளயோ மரக்கட்டை அடியிலயோ படுத்துக்கும். பகல்ல நூறு தடவை வீசினாலும் கை வலிக்கிறதுதான் மிச்சம்.

அடுத்து அளவு. பொரிக்கு வர்ற மீனை உத்துப் பாருங்க. ரெண்டு விரக்கடைதான் இருக்குதுன்னா 10 செ.மீ. மினோ அந்தக் கூட்டத்துல சேராது. 4, 5 செ.மீ. ரப்பர் மீனை 5 கிராம் ஜிக்ல (தலையில எடை வெச்ச முள்) மாட்டுங்க. அதையும் கூட்டத்து நடுவுல போடாதீங்க. ஆயிரம் நெசக் குஞ்சு இருக்கிற இடத்துல உங்க ரப்பரை எது தேடி வரும்? கூட்டத்தோட ஓரத்துல, ஒரு முழம் ஆழத்துல இறக்கி, ரெண்டு சுத்து சுத்தி நிறுத்துங்க. நிக்கிறப்ப அது சாய்ஞ்சு விழுகோணும். வேட்டை மீன் நொண்டி மீனைத்தான் முதல்ல பொறுக்கும். பெரும்பாலும் அந்த நிறுத்தத்துலதான் கடி விழும்.

உடுமலை ஏரிக்கரை:
மதகு அண்ணன் சொன்ன அளவு விசயம் சரி. ஆனா கரையில தெரியறதெல்லாம் தீனின்னு நானு ஒத்துக்க மாட்டேன். எங்க அமராவதி அணையில ஜிலேபிதான் ராஜ்ஜியம். அது முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ள வெச்சுக் காப்பாத்தும், வருசத்துல பல தடவை பெருகும். கூட்டம் மிஞ்சினா வளர்ச்சி நின்னு ஒரு சாண்கூட வராம முத்திப் போயிரும். அந்த முத்தின ஜிலேபி உடம்பு அகலம், முதுகுல முள்ளு. முக்கால் கிலோ விரால் அதை முழுங்கத் திணறும். பெரிய வாளைக்குத்தான் அந்த வாய் இருக்குது. ஆக, ஏரி நிறைய மீன் இருந்தும் விரால் பட்டினி கிடக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி: பிடிச்ச விராலை மேலிருந்து பாருங்க. தலை பெருசா, கழுத்துக்குப் பின்னால முதுகு ஒட்டிப்போயிருந்தா தீனிப் பஞ்சம். முதுகு உருண்டு திரண்டிருந்தா கடிக்காததுக்குக் காரணம் நெறஞ்ச வயிறு. சமைக்கிற மீனா இருந்தா இரைப்பையையும் அறுத்துப் பாத்துருங்க. உள்ள இருக்கிறதோட நீளம்தான் உங்க லூரோட நீளம்.

இன்னொண்ணு, பார்ப்போட (குஞ்சுக் கூட்டத்தோட) நிக்கிற விரால் லூரை அடிக்கிறது பசியில இல்லை, குஞ்சைக் காக்கிறதுக்கு. அந்தக் கடியை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. தயவு செஞ்சு அதைப் பிடிக்கவும் வேண்டாம். காவல் மீன் போனா செவந்த குஞ்சுக் கூட்டம் முழுசும் மத்த மீனுக்கு இரையாயிரும்.

கீழ்பவானி:
ரொம்ப நன்றிங்க. முதுகு உருண்டுதான் இருக்குது. தண்ணி மட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுங்களா? வாளைக்கு உசுர் இரை எப்படிக் கட்டறது?

பழைய மதகு:
சம்பந்தம் நிறைய இருக்குது. தண்ணி இறங்கறப்ப பொடிமீனுக்குப் புல்லு மறைவு போயி, வெறும் சேத்துக்கரைக்கு வந்து ஒண்ணு கூடும். நீங்க இப்பப் பாக்கிறது அதுதான். வேட்டை மீனுக்குப் பந்தி போட்ட மாதிரி. நீலகிரியில மழை பேஞ்சு அணை ஏறினா, காஞ்ச கரையில மொளச்ச புல்லு முங்கும், பொடிமீன் அதுக்குள்ள செதறிரும். அப்ப விரால் ஒவ்வொண்ணாத் தேடோணும். தவளை லூருக்கு அதுதான் காலம். ஆகஸ்ட் 15 வாக்குல பாசனத்துக்கு வாய்க்கால் தொறந்து மட்டம் மறுபடி இறங்கறப்ப புல்லோட வெளி ஓரத்தைப் பிடிங்க.

வாளை ராத்திரி மீன். மாயாறும் பவானியும் ஓடின பழைய ஆத்துப் பள்ளம் பக்கம் போடோணும். 8 செ.மீ. கெண்டை, 3/0 அளவு முள், 30 பவுண்டு தாங்கற பிரெய்டு (பின்னின நூல்). அதோட பல்லு சின்னச்சின்னதா அரம் மாதிரி இருக்கும், அதனால முனையில ரெண்டடி 50 பவுண்டு நைலான் அவசியம். முள்ளை இரை மீனோட முதுகுத் துடுப்புக்குக் கீழ, தோலோட ஒட்டினாப்புல குத்துங்க. ஆழமாப் போயி நடு எலும்புல பட்டா இரை அப்பவே விறைச்சிரும். 10 லிட்டர் வாளிக்கு எட்டு மீனுக்கு மேல வேண்டாம். வெயில்ல வெச்சா அரை மணியில மேல வந்து வாய் பொளக்கும்.

உடுமலை ஏரிக்கரை:
இரையை அதே அணையில பிடிங்க. வேற குளத்து மீனைக் கொண்டுவந்து மிச்சத்தைக் கொட்டிட்டு வந்தா, நாளைக்கு அங்கயும் வேத்து மீன் ராஜ்ஜியம்தான். அனுமதி உள்ள இடத்துல மட்டும் போடுங்க. அமராவதிப் பக்கம் வந்தா தண்ணிக்குள்ள எறங்கி நிக்காதீங்க, முதலை இருக்குது.