கரண்டு (கதிர்வீச்சு) வச்ச பெறகும் தொண்டை கேன்சர் திரும்ப வருதே, ஸ்டெம் செல்லுதான் காரணமா?

முக்கூடல் தம்பி:
எங்க பெரியப்பாவுக்கு குரல்வளையில கேன்சர், வாலிபத்துல இருந்தே பீடி. போன வருசம் கரண்டு வச்சாவ, குரலு தெளிஞ்சுது, ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லன்னாவ, இப்ப அதே எடத்துல திரும்ப வந்திருக்கு. எல்லாத்தையும் எரிச்சாச்சுன்னா பெறகு எங்கெருந்து வருது? கேன்சர் ஸ்டெம் செல்னு ஒண்ணு மிஞ்சிருக்கும்னு நெட்ல போட்டிருக்கு. அப்ப ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிரும்லான்னு பெரியம்ம கேக்காவ. வெவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு சொல்லுங்க.

பாளை லேப்காரன்:
தம்பி, மொதல்ல அந்த ஊசிய மறந்திருங்க. தொண்டை கேன்சருக்கு அங்கீகாரம் உள்ள ஸ்டெம் செல் ஊசியே கெடையாது, யாராது விக்கான்னா காசு புடுங்கத்தான். மத்தபடி நீங்க படிச்சது சரிதான், கட்டியில உள்ள செல்லு எல்லாம் ஒண்ணுபோல இல்ல, கொஞ்சூண்டு செல்லுக்குத்தான் புதுசா கட்டிய உண்டாக்குத தெம்பு, அதத்தான் கேன்சர் ஸ்டெம் செல்லுங்காவ. 1990கள்ல ரத்தப் புற்றுநோய்ல இத பாத்தாவ, 2007ல தலை கழுத்து கேன்சர்லயும் அமெரிக்காவுல பாத்தாவ, சிடி44ங்குத புரதம் மேல உள்ள செல்ல பிரிச்சு எலிக்கு போட்டா கட்டி வளந்துது, அது இல்லாதத போட்டா பெரும்பாலும் வளரல. கரண்டும் கீமோவும் வேகமா பெருகுத செல்லத்தான் நல்லா அடிக்கும், இதுக நெறைய மெதுவா பெருகுத சாதி, டிஎன்ஏ ஒடஞ்சாலும் ஒட்டிக்கிடும், மருந்த வெளிய தள்ளுத பம்பும் வச்சிருக்கும். வயல்ல கோரைய மேலாப்புல அறுத்துட்டு கெழங்க விட்ட கததான்.

தாழையூத்து அக்கா:
அண்ணாச்சி சொன்னதுல பாதிதான் ஒத்துக்கிடுவேன். சாதா கேன்சர் செல்லே நெருக்கடி வந்தா ஸ்டெம் செல்லா மாறிக்கிடுதுன்னு பெறகு வந்த ஆராய்ச்சில பாத்திருக்காவ. சிடி44 நல்ல செல்லுலயும் உண்டு, அத குறிவச்சு அடிக்கது லேசுல்ல. கட்டிக்குள்ள ஆக்சிஜன் போகாத எடத்துலயும் கரண்டு சரியா வேல செய்யாது. அதெல்லாம் கெடக்கட்டும், பெரியப்பா பீடிய விட்டாச்சா? கரண்டு வைக்கும்போது குடிச்சா பலனே கொறஞ்சிரும்.

முக்கூடல் தம்பி:
விட்டாச்சுன்னுதான் சொல்லுதாவ, சட்டப்பையி வேற சொல்லுது. குரல்வளைய எடுக்கணும்ங்காவ டாக்டரு, பேச்சு போயிருமேன்னு பயப்படுதாவ.

பாளை லேப்காரன்:
கரண்டுக்குப் பெறகு அதே எடத்துல வந்தா வழக்கமா ஆப்ரேசன்தான் தம்பி. மூச்சு கழுத்துல போடுத ஓட்ட வழியா போவும், பேச்சுக்கு உள்ள சின்ன வால்வு வைக்கலாம், பழகிட்டா போன்லயே பேசுதாவ. கழுத்து நெறியில (நிணநீர் முடிச்சுல) பரவிருக்கா, வால்வு வைக்க முடியுமான்னு ரெண்டையும் ஆப்ரேசனுக்கு முன்னயே கேட்டுருங்க. பீடி கட்ட முதல்ல அந்தப் பையில இருந்து எடுங்க.