ஐந்து மாதம் வாயே திறக்காத வாட்ச் ஃபைல்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு சின்ன சி லைப்ரரியின் பேக்கேஜை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அப்ஸ்ட்ரீமில், அதாவது அந்த லைப்ரரியை எழுதுகிறவரிடம், புது ரிலீஸ் வந்ததா என்று பார்த்துச் சொல்ல யூஸ்கேன் என்ற கருவி இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எந்த மாதிரி ஃபைல் பெயரைத் தேட வேண்டும் என்று வாட்ச் ஃபைலில் ஒரு ரெஜெக்ஸ் (பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பேட்டர்ன்) எழுதி வைத்தால் போதும், போய்ப் பார்த்துவிட்டு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கி வந்ததும் அதை ஓட்டுவது என் வழக்கம். புதிதாக இருந்தால் சொல்லும், இல்லையென்றால் ஒன்றும் சொல்லாது. ஐந்து மாதம் ஒன்றும் சொல்லவில்லை, சரி, அப்ஸ்ட்ரீம்காரருக்கு வேறு வேலை போல என்று நானும் இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் தரமணியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் தம்பி, "அண்ணா, 1.10 வந்து மாசக்கணக்காச்சே, அதுல ஒரு மெமரி ஓட்டைய வேற அடைச்சிருக்காங்க, நம்மகிட்ட ஏன் இன்னும் 1.9?" என்று கேட்டார். கையில் டீயோடு அப்படியே நின்றேன். வீட்டுக்குப் போய் வாட்ச் ஃபைலைத் திறந்தால், புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம் என்று எழுதியிருக்கிறேன். 1.8 பொருந்தியது, 1.9 பொருந்தியது. 1.10-இல், 1-க்கு அடுத்து ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் '.டார்' வர வேண்டிய இடத்தில் 0 நின்றது, அவ்வளவுதான்.

எர்ரர் என்று ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன். ஆனால் பேட்டர்ன் பொருந்தத்தான் செய்தது. பழைய 1.9 அதே பக்கத்தில் கிடந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இதுதான் கடைசி என்று முடித்துவிட்டது. அந்த ஐந்து மாதமும் பேக்கேஜை நம்பி இன்ஸ்டால் செய்தவர்களிடம் இருந்தது ஓட்டையுள்ள வெர்ஷன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது உறுத்துகிறது.

ரெஜெக்ஸை எடுத்துவிட்டு, வாட்ச் ஃபைலின் 4-ஆம் வடிவத்தில் தயாராகவே கிடைக்கும் 'எனி வெர்ஷன்' பேட்டர்னைப் போட்டேன். அது எழுத்துகளையும் ஏற்கும் என்பதால் அடுத்த மாதமே 2.0ஆர்சி1, அதாவது 2.0-க்கு முந்தைய சோதனை வெர்ஷன், வந்து மாட்டியது. டெபியன் கணக்கில் 2.0ஆர்சி1 என்பது 2.0-ஐ விடப் பெரியது, அப்படியே ஏற்றியிருந்தால் நிஜமான 2.0 வரும்போது அது பழையதாகத் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு டில்டே போட்டு 2.0~ஆர்சி1 ஆக்கினால் சரியாகிவிடும். டில்டே எதற்கும் முன்னால் நிற்கும், பின்னால் ஒன்றுமே இல்லாத 2.0-க்கும் முன்னால். வாட்ச் ஃபைலிலேயே இந்த மாற்றத்தை ஒரு வரியில் எழுதி வைக்கலாம்.

இப்போது மாதம் ஒருமுறை, எல்லாவற்றையும் விரிவாகக் காட்டும் வெர்போஸ் போட்டு யூஸ்கேனை ஓட்டுகிறேன். பொருந்திய பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும், பக்கத்தில் பிரவுசரைத் திறந்து வைத்து ஒன்றொன்றாக ஒப்பிடுகிறேன்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன், எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். என் பேக்கேஜின் அப்ஸ்ட்ரீமில் யாரோ ஒரு காலத்தில் 20190412 என்று தேதியையே டேக் (வெர்ஷனுக்கு வைக்கும் பெயர்) ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் வந்தது எல்லாம் 1.3, 1.4 என்றுதான். இரண்டு கோடியோடு 1.4 போட்டி போட முடியுமா? ஓட்டும்போதெல்லாம் புது வெர்ஷன் இருக்கிறது என்று அதே தேதியைக் காட்டும். எனக்கும் பழகிப்போய், அதைப் படிக்காமலே டெர்மினலை மூடிவிடுவேன், நடுவில் வந்த 1.5 கண்ணிலேயே படவில்லை. முதல் எண்ணில் மூன்று இலக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று பேட்டர்னில் எழுதிய பிறகுதான் அடங்கியது.

இன்னொன்று. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் ரகசிய வழி ஒளித்து வைத்திருந்த விவகாரம் வெளியே வந்ததிலிருந்து, யூஸ்கேன் இறக்கித் தரும் டார்பாலை (சோர்ஸ் கோடு முழுவதும் அடங்கிய ஃபைல்) கோடு வைத்திருக்கும் கிட்டின் டேகோடு வைத்து டிஃப் எடுக்காமல், அதாவது வித்தியாசம் பார்க்காமல், நான் அப்லோட் செய்வதில்லை. அந்த 5.6.0, 5.6.1 டார்பால்களில் இருந்த விஷமான பில்ட் ஸ்கிரிப்ட் கிட்டில் இல்லவே இல்லை. கையெழுத்துச் சோதனை இருந்தும் பயனில்லை, கையெழுத்துப் போட்டவரே உள்ளே வைத்தவர். பேட்டர்ன் புது ஃபைலைக் கண்டுபிடித்துத் தரும், உள்ளே இருப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

* * *

தேதி டேக் எனக்குத் தோன்றவே இல்லைம்மா, நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து மற்ற ஆறு பேக்கேஜையும் வெர்போஸில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் உங்களுக்கு வந்த அதே தேதிச் சிக்கல். இன்னொன்றில் புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு விட்டுப்போயிருந்தது, வெறும் புள்ளி எந்த எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும். இரண்டையும் திருத்தியாயிற்று, டிஃப் எடுப்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன்.