போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தால வேலூர்ல என்ன ஆகப்போகுது?

பாலாற்றுமணல்:
அண்ணா கலையரங்கம் பக்கம் சாயங்காலம் போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டம். ஒரு பேனர், கொஞ்சம் தட்டி, ஒரு மைக். "போரை நிறுத்து, போரை நிறுத்து"ன்னு கோஷம். நிறுத்த வேண்டியவன் ஏழு கடல் தாண்டி இருக்கான். பஸ் ஊர்ந்ததுதான் மிச்சம். எனக்குப் போர் பிடிக்கும்னு யாரும் கிளம்பி வராதீங்க. யார் காதுல விழணும்னு இதைப் பண்றாங்க? மறுநாள் பேப்பர்ல "ஏராளமானோர்"னு போடுறாங்களே, அதை எப்படி நம்புறது? சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆம்புலன்ஸ் மாட்டினா யார் பொறுப்பு?

கோட்டைஅகழி:
நடுக் கேள்விக்கு மட்டும் சொல்றேன். கூட்டத்தை எண்ண ஒரு கணக்கு இருக்கு. தளர்வா நின்னா ஆளுக்கு 10 சதுர அடி, தோள் உரச நின்னா நாலரை. 60 அடி நீளம், 20 அடி அகலத்துக்கு நிக்குறாங்கன்னா 1,200 சதுர அடி. தளர்வா 120 பேர், நெருக்கமா 260 சொச்சம். அந்த இடத்துல ஆயிரம்னு எழுதினா புருடா. மனிதச் சங்கிலிக்கு ஆளுக்கு நாலு, நாலரை அடி போட்டுப் பாருங்க, ஒரு கிலோமீட்டருக்கு 730 பேராவது வேணும். எண்ணும்போது போலீஸையும் பஸ்ஸுக்கு நிக்கிறவங்களையும் கழிச்சிடணும். அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க.

சத்துவாச்சாரி:
ஆம்புலன்ஸ் கேள்வி நியாயமானது. ஆனா ஆர்ப்பாட்டம் வேற, மறியல் வேற. ஆர்ப்பாட்டம்னா ஓரமா ஓர் இடத்துல நின்னு கோஷம் போட்டுக் கலையறது. மறியல்னா ரோட்டுல உக்கார்றது. பிடிச்சு வேன்ல ஏத்தி, கல்யாண மண்டபத்துல வச்சு, சாயங்காலம் விடுவாங்க. மாவட்டங்கள்ல 1861 காவல் சட்டம் 30(2) பிரிவு (கூட்டம், ஊர்வலத்துக்கு முன்அனுமதி கேக்குற பிரிவு) அமல்ல இருக்கிறப்போ, முன்கூட்டியே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கணும்: இடம், நேரம், எத்தனை பேர், மைக் உண்டா, பொறுப்பாளர் யார், போன் நம்பர். "சுமார் 100 பேர்"னு எழுதிட்டு 400 பேர் வந்தாதான் வம்பு, அதுக்கேத்த போலீஸ் அங்க இருக்காது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமா அறிவிச்சிருந்தா, அங்க மைக் கூடாது. ரோட்டோட ஒரு பாதி முழுசா திறந்திருக்கணும், கயிறு பிடிச்சு நாலு தொண்டர் நிக்கணும். அந்தக் கயிறு இல்லேன்னா எனக்கும் உங்க கோபம்தான் வரும்.

உருவபொம்மை எரிக்கிறதை விட்டுத் தொலைங்கப்பா. வைக்கோலுக்கு மேல பாலியஸ்டர் சட்டை மாட்டினா உருகிச் சொட்டும், பெட்ரோல் ஊத்தினா குபீர்னு பத்தவைக்கிறவன் மூஞ்சிக்குத்தான் வரும். அடுத்த நாள் போட்டோவுல போலீஸ் பொம்மையைப் பிடுங்குறது மட்டும் இருக்கும், போர் இருக்காது.

தோல்ஷாப்:
அண்ணே, ஏழு கடல் தாண்டினு சொல்றீங்க, அந்தக் கடல்லதான் நம்ம சரக்கு போகுது. 2023 கடைசியில செங்கடல்ல தாக்குதல் ஆரம்பிச்சதும் ஐரோப்பா போற கப்பலெல்லாம் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுத்திப் போச்சு. பத்து, பதினாலு நாள் கூடுதல், வாடகையும் ஏறிச்சு. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ சீசன் சரக்கு. தேதி தாண்டினா வாங்குறவன் தள்ளுபடி கேப்பான், இல்லேன்னா உன் செலவுல பிளைட்ல அனுப்பும்பான்.

பாலாற்றுமணல்:
தம்பி, போர் நம்மைத் தொடுதுன்றது சரி. நம்ம கோஷம் போரைத் தொடுதா? 2003 பிப்ரவரி 15 அன்னைக்கு உலகம் பூரா லட்சக்கணக்குல ரோட்டுக்கு வந்தாங்க. மார்ச் 20 ஈராக்ல குண்டு விழுந்துச்சு.

கோட்டைஅகழி:
அதே வருஷத்தை ஜூலை வரைக்கும் படிங்க. ஈராக்குக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா நம்மகிட்ட கேட்டுச்சு. ஏப்ரல்லயே நாடாளுமன்றம் போரைக் கண்டிச்சுத் தீர்மானம் போட்டிருந்தது. ஜூலை 14 அன்னைக்கு, ஐ.நா. ஆணை இல்லாம அனுப்ப முடியாதுன்னு டெல்லி சொல்லிடுச்சு. ரோட்டுல நின்னவங்களால மட்டும்னு சொல்ல மாட்டேன், அடுத்த வருஷம் தேர்தலும் இருந்துச்சு. ஆனா நம்ம ஊர்க் கோஷம் எட்டுற தூரம் டெல்லிதான், வாஷிங்டன் இல்ல. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க இருக்கிற பக்கத்துல "நம்ம பசங்களை அனுப்பாதே"ன்னு எழுதினா நின்னு படிப்பாங்க. "ராணுவம் ஒழிக"ன்னு ஒருத்தன் கத்தினா போச்சு.

சத்துவாச்சாரி:
அதனாலதான் தட்டியில இந்திய அரசு செய்யக்கூடிய ஒரே ஒரு கோரிக்கை இருக்கணும். காஸா போர்நிறுத்தத் தீர்மானத்துல 2023 அக்டோபர் 27 ஐ.நா.வில இந்தியா ஓட்டுப் போடாம ஒதுங்குச்சு, டிசம்பர் 12 ஆதரிச்சு ஓட்டுப் போட்டுச்சு. "இப்படி ஓட்டுப் போடு"ன்னு கேட்டா அது கேள்வி. "போரை நிறுத்து"ன்னா யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அதுவும் அஞ்சு வார்த்தைக்குள்ள, நாலு அங்குல எழுத்துல. பஸ் ஜன்னல்ல இருந்து மூணு செகண்டுக்கு மேல எவனும் பாக்க மாட்டான்.

கோஷத்தோட கலைஞ்சு போறதுதான் பெரிய கோளாறு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு கூட்டத்துல மனு கொடுக்கணும்: பெறுநர் குடியரசுத் தலைவர், "வழி: மாவட்ட ஆட்சியர், வேலூர்". ரசீது வாங்காம வரக்கூடாது. கொஞ்ச நாள் பொறுத்து, மனு எந்தத் தேதியில எங்க அனுப்பப்பட்டதுன்னு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) மனு போடுங்க. 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும். பாலாற்றுமணல் அண்ணே, அடுத்த தடவை போறப்போ மைக் பிடிக்கிறவங்ககிட்ட ரசீது நம்பர் கேளுங்க.