பாவத்தைத் தண்டிக்கச் சட்டம் கேட்டுக் கையெழுத்துப் போடலாமா?

கடுகுவிதை:
ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு மனு, பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. விபசாரத்தை, அதாவது கணவனையோ மனைவியையோ விட்டு வேறொருவரோடு உறவு வைப்பதை, தண்டனைக்குரிய குற்றமாக்கச் சொல்லும் மனு. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் மளமளவென்று போட்டுவிட்டு நகர்ந்தார்கள். என் முறை வந்தது, பேனாவையும் எடுத்துவிட்டேன், அப்புறம் என்னவோ கை ஓடவில்லை. "குழந்தை அழுகிறது, பிறகு வருகிறேன்" என்று சொல்லி நழுவிவிட்டேன். (குழந்தை அழவில்லை. பொய்யும் பாவம்தான், நல்லவேளை அதற்கு யாரும் மனு எழுதவில்லை.)

விபசாரம் பாவம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, பத்துக் கட்டளையிலேயே இருக்கிறது. ஆனால் பிறனுடையதை இச்சியாதே என்பதும் அதே பத்தில்தான் இருக்கிறது. எந்தப் பாவத்துக்குப் போலீஸ், எந்தப் பாவத்துக்கு ஜெபம் என்று எதை வைத்துப் பிரிக்கிறோம்? பவுல் எழுதிய ரோமர் 13-ஐக் காட்டி, "அதிகாரம் தேவனுடைய ஊழியக்காரன், அவ்வளவுதான்" என்று எங்கள் வேதபாடக் குழுத் தலைவர் முடித்துவிட்டார். எனக்கு முடியவில்லை.

எழுத்தாணி:
இதை நடத்தியே பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அரசனை நீக்கிவிட்டு இருந்த காலத்தில், 1650-இல், பியூரிட்டன்கள் என்ற கறாரான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் நாடாளுமன்றம் விபசாரத்துக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டது. அதில் விபசாரம் என்றால் என்ன தெரியுமா? மணமான பெண் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் அவளுக்கும் அவளோடு இருந்தவனுக்கும் தூக்கு. மனைவி இருக்கிற ஆண் மணமாகாத பெண்ணோடு போனால் அது வேறு கணக்கு, 3 மாதச் சிறை. இச்சையோடு பார்க்கிற ஆணின் கண்ணைத்தான் இயேசுவின் மலைப்பிரசங்கம் பிடித்தது, சட்டமாக எழுதி முடித்தபோது அந்த ஆண் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். ஜூரிகளுக்கோ தூக்குக்கு அனுப்ப மனம் வரவில்லை, பெரும்பாலும் விடுவித்தார்கள். 1660-இல் அரசன் திரும்பி வந்ததும் சட்டம் செத்தது.

அதே பியூரிட்டன் வகையறா அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்றார்கள், வேதத்தில் இல்லாத பண்டிகையாம். 1681 வரை அது இருந்தது. ஆக, சட்டம் எழுதுகிறவர் கிறிஸ்தவராகவே இருந்தாலும் உங்களைவிடக் கறாரான கிறிஸ்தவராக இருந்துவிட்டால் உங்கள் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பேசிவிட்டார். மனிதச் சட்டம் எல்லாத் தீமையையும் தடுக்க வேண்டியதில்லை, பெரிய தீமைகளை, அதிலும் முக்கியமாகக் கொலை, திருட்டு மாதிரி அடுத்தவரைப் பாதிப்பவற்றைத் தடுத்தால் போதும் என்கிறார். பலவீனமானவன் தலையில் தாங்க முடியாத சுமையை ஏற்றினால் அவன் அதைவிட மோசமானதில் போய் விழுவான் என்பது அவர் பயம். அவர் ஒன்றும் பாவத்தை லேசாக எடுத்துக்கொண்டவர் இல்லை.

இரண்டாம்மைல்:
எழுத்தாணி அண்ணன் தனக்குத் தோதானதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார். ரோமில் வேண்டாத குழந்தையைக் கொல்வதும் வெளியே போட்டுவிடுவதும் சாதாரணமாக இருந்தது, ஆரம்பத்திலிருந்தே சபை அதை எதிர்த்தது, கி.பி. 374-இல் குழந்தைக் கொலையைச் சட்டமே குற்றமாக்கியது. பிரிட்டன் அடிமை வியாபாரத்தை 1807-இல் தடை செய்தபோது அதற்காகப் போராடிய கிறிஸ்தவ நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் வெறும் ஜெபத்தோடு நின்றாரா? "உன் மனசாட்சியை என்மேல் திணிக்காதே" என்று அடிமை வியாபாரியும் சொல்லியிருக்கலாமே. எல்லாச் சட்டத்துக்குள்ளும் யாரோ ஒருவருடைய ஒழுக்கம் இருக்கிறது. நம்முடையது மட்டும் வெளியே நிற்க வேண்டுமா?

இன்னொன்று. விபசாரம் யாரையும் பாதிக்காத பாவம் என்று சொல்லாதீர்கள். கைவிடப்பட்ட மனைவியிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். அக்வினாஸ் அளவுகோலை வைத்தாலே அது உள்ளே வந்துவிடும்.

எழுத்தாணி:
கடைசிப் பத்தி கனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வில்பர்ஃபோர்ஸை நீங்கள் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள் தம்பி. அவர் 1787-இல் தன் முன்னால் இரண்டு பெரிய வேலைகள் இருப்பதாக எழுதினார். ஒன்று அடிமை வியாபாரத்தை ஒழிப்பது, மற்றது நாட்டின் ஒழுக்கத்தைச் சீர்திருத்துவது. இரண்டாவதற்காகவும் சங்கம் வைத்து வழக்குப் போட்டார்கள். 1802-இல் வந்த தீயொழுக்க ஒழிப்புச் சங்கத்தைப் பார்த்து சிட்னி ஸ்மித் என்ற பாதிரியாரே கிண்டல் அடித்தார்: ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு மேல் வருமானம் இல்லாதவர்களின் கெட்ட பழக்கங்களை ஒழிக்கும் சங்கம் என்று. ஏழையின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு குற்றம், கனவானின் சூதாட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே மனிதர், ஒரே விசுவாசம். முதல் வேலையில் அவர் சங்கிலியில் கிடந்தவனுக்காகச் சட்டம் கேட்டார், அது நின்றது. இரண்டாவது வேலையின் கதையைத்தான் ஸ்மித் சொல்லிவிட்டார்.

வாசற்படி:
நான் வரலாறு படித்தவள் இல்லை, குடிகாரர் வீட்டில் வளர்ந்தவள். அப்பா வரும் சத்தம் செருப்பிலேயே தெரியும். ஒரே சீராக வந்தால் சாப்பாடு, இழுத்துக்கொண்டு வந்தால் நானும் தம்பியும் கட்டிலுக்கு அடியில். அதனால் மதுவிலக்கு என்று யாராவது சொன்னால் என் கை முதலில் தூக்கும், அதற்காக வெட்கப்படவில்லை. அமெரிக்க மதுவிலக்கைத் தோல்வி என்று சிரிக்கிறவர்களைக் கண்டாலும் எரிச்சல்தான். 1920-இல் வந்து 1933-இல் போனது, கள்ளச் சாராயமும், அதை விற்றுக் கொழுத்த அல் கபோன் என்ற ரவுடியும் நிஜம். ஆனால் ஆரம்ப வருடங்களில் குடி குறைந்தது, ஈரல் நோய்ச் சாவும் குறைந்தது, அதுவும் நிஜம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா குடிப்பது பாவம் என்று எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும், அவர் எங்களை அடிப்பதும் தெரியும். குடிக்காக அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். அடித்ததற்கு, "குடும்ப விஷயம், பொறுத்துப்போ அம்மா" என்றார்கள். போலீஸ் வர வேண்டிய இடம் அதுதான், அங்கேதான் யாரும் கூப்பிடவில்லை.

இரண்டாம்மைல்:
சகோதரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னியுங்கள்.

ஆனாலும் கடுகுவிதை கேட்டது அப்படியே நிற்கிறது. கைவிடப்பட்ட மனைவிக்குச் சட்டம் எதுவும் செய்யக் கூடாதா?

கடுகுவிதை:
எல்லோருக்கும் நன்றி. இரண்டாம்மைல் அண்ணா, போய்க் கேட்டுப் பாருங்கள் என்றீர்களே, போனேன். எங்கள் சபையில் அப்படி ஒரு அக்கா இருக்கிறார், கணவர் வேறொருவரோடு போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முன்னெல்லாம் இரண்டாம் வரிசையில் உட்காருவார், இப்போது வருவதே இல்லை. இத்தனை நாள் நானும் போய்ப் பார்க்கவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

மனுவைப் பற்றிச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலேயே கேட்டார்: "அவரை உள்ளே போட்டால் பிள்ளைகளுக்குப் பணம் யார் கொடுப்பது?" ஜீவனாம்சத்துக்கு வழக்குப் போட்டிருக்கிறாராம், மூன்று முறை தள்ளிப்போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. நீதிமன்றத்துக்குத் துணைக்கு வர ஆள் இல்லை என்றார். சட்டம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, இருக்கிற சட்டம் சீக்கிரம் நடந்தால் போதும் என்கிறார்.

1 கொரிந்தியர் 5-இன் கடைசி வசனங்களையும் படித்துப் பார்த்தேன். புறம்பே இருப்பவர்களைத் தீர்ப்புச் செய்வது என் வேலையா என்று பவுல் கேட்கிறார், உள்ளே இருப்பவர்களைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும் என்கிறார். அந்தக் கணவர் இன்னும் எங்கள் சபையில் உறுப்பினர். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

மனு மேசை அடுத்த ஞாயிறும் இருக்குமாம். அடுத்த வாய்தா வியாழக்கிழமை, நான் லீவு சொல்லிவிட்டேன்.