எந்தக் காத்தானை விடுவது?

இலங்கையின் வன்னியில் காத்தவராயன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கதைநாயகன் காத்தான் ஒருவன்தான், அவனாக ஆடுபவர்கள் பலர். பாலகாத்தானை ஒரு பெடியன் ஆடுவான், ஆதிகாத்தானுக்கு வேறொருவர், கழுவேறும் பின்காத்தானுக்கு இன்னொருவர். அம்மன் கோயில் நேர்த்திக்கு இரவு தொடங்கினால் கழுமரம் ஏற விடியப்புறம் ஆகிவிடும். இடையில் நித்திரையாகி எழும்பிய பிள்ளைகூட ஆள் மாறிவிட்டதே என்று கேட்காது.

சில வருடங்களுக்கு முன் முள்ளியவளைப் பக்கத்துக் குழு ஒன்று கலைப் போட்டிக்குப் போனது. உடுப்புப் பெட்டி தூக்க நானும் கூடப் போனேன். இருபது நிமிடம்தான் தருவோம் என்றார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சிரித்துக்கொண்டே, "அப்ப ஐயா, எந்தக் காத்தானை வீட்டிலை விட்டிட்டு வாறது?" என்று கேட்டார். பதில் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் நடுவர் ஒருவர், ஒரே பாத்திரத்தைப் பலர் செய்தால் பார்ப்பவருக்கு விளங்காது என்றார். கழுமரத்துக்குக் கற்பூரம் கொளுத்துவது வழிபாடாம், அதற்குப் புள்ளி கிடையாதாம். மண்டபத்தில் அதுவரை பேசிக்கொண்டிருந்த சனம் வாயை மூடியதே கற்பூரம் கொளுத்திய அந்த இடத்தில்தான்!

சுருக்குவதே பிழை என்று நான் சொல்லமாட்டேன். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கித்தான் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்' எல்லாம் மேடையேற்றினார். பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கியிருந்த படித்தவர்கள் அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஆட்டம் பழக்க அவர் செல்லையா அண்ணாவியாரைக் கூட்டிவந்தார். எதை வெட்டலாம் என்பதைத் தெரிந்தவரோடு இருந்து வெட்டுவது வேறு, மணிக்கூட்டைப் பார்த்து வெட்டுவது வேறு.

இது எங்கள் ஊர் வியாதி மட்டுமல்ல. 1917இல் நியூயோர்க்கில் ஒரு கலைஞர் சங்கம், நடுவர் கிடையாது, ஆறு டொலர் கட்டினால் யாருடைய படைப்பையும் வைப்போம் என்று கண்காட்சி நடத்தியது. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப், ஆண்கள் சிறுநீர் கழிக்கும் சலக்கோப்பை ஒன்றை வேறு பெயரில் அனுப்பினார். வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். நடுவரே இல்லாத இடத்திலும் நடுவர் முளைத்துவிடுவார் பாருங்கள்.

அதற்காகக் கூத்துக் களரியில் எதை ஆடினாலும் சரி என்று நினைக்க வேண்டாம். அங்கே புள்ளி இன்னும் இறுக்கம். பிறகொரு கோயில் பொங்கலில் பின்காத்தானாக வந்த பெடியனுக்கு நல்ல குரல், சனமும் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் பாயில் இருந்த ஆச்சி மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பாட்டு வருது, துள்ளு வரேல்லை. போன முறை ஆடினவனைக் கூப்பிடுங்கோ." அந்தப் பெடியன் அவருடைய சொந்தப் பேரன். அடுத்த கிழமையே அவன் அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் சலங்கையோடு நின்றான்.