மறுமொழி: ‘பக்கிங் டிரான்ஸ்ஃபார்மர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘குறைப்பு மின்மாற்றி’ போதாதா? மின்னழுத்தத்தைக் குறைக்கத்தானே செய்கிறது?

போதாது ஐயா. பக்கிங் டிரான்ஸ்ஃபார்மர் என்பது சுவர் மின்னழுத்தத்திலிருந்து சில வோல்ட்டை மட்டும் கழித்துத் தரும் சிறு மின்மாற்றி. பாடநூலில் ‘இறக்கு மின்மாற்றி’ (ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே ‘குறைப்பு’ வந்தால் இரண்டும் ஒன்றென்றே மாணவன் நினைப்பான்.

என் மேசையில் இருப்பதை வைத்தே சொல்கிறேன். டைனகோ ஸ்டீரியோ 70, அமெரிக்காவில் 1959இல் வந்த, வால்வுகளால் (வெற்றிடக் குழாய்கள்) இயங்கும் இசைப் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்). 117 வோல்ட்டுக்கென்று செய்தது. இங்கே நியூஜெர்சியில் என் வீட்டுச் சுவரில் இன்று மாலை மீட்டர் காட்டியது 123. ஐந்து சதவீதம்தானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. 6.3 வோல்ட் கேட்கும் வால்வு இழைக்கு 6.6 போகிறது, 415ஐ ஒட்டி நிற்க வேண்டிய உயர் மின்னழுத்தம் 435ஐத் தொடுகிறது. அறுபது வயது மின்தேக்கிகளுக்கு இந்த விருந்து ஒத்துக்கொள்ளாது.

மருந்து, 120க்கு 6.3 வோல்ட் தரும் ஒரு குட்டி மின்மாற்றி. முதன்மைச் சுருளைச் சுவர் மின்சாரத்தின் குறுக்கே கொடுத்து, துணைச்சுருளைப் பெருக்கிக்குப் போகும் கம்பியில் தொடராக, எதிர்க் கட்டத்தில் (சுவரின் மின்னழுத்தம் ஏறும்போது இது இறங்கும்படி) இணைக்க வேண்டும். 123இல் ஏறத்தாழ ஆறரை கழிந்து 116.5 மிஞ்சும். பெருக்கி 3 ஆம்பியர் இழுப்பதாகவே வைத்துக்கொண்டாலும் இந்தச் சுருள் சுமப்பது 20 வோல்ட்-ஆம்பியர்தான். முழுச் சுமையையும் தோளில் தாங்கும் இறக்கு மின்மாற்றி வேறு சாதி.

ஆகவே கணக்குப் பாடத்துக்கே போவோம்: கழித்தல். ‘கழிப்பு’ என்றால் அறை நினைவுக்கு வருகிறது, ‘கழிவு’ என்றால் சாக்கடை. நான் ‘கழிமின்மாற்றி’ என்கிறேன். ஏற்று, இறக்கு போல இதுவும் வினைத்தொகை.

துணைச்சுருளின் முனைகளை இடம் மாற்றினால் அதே பெட்டி 129.5 தரும், அது ‘கூட்டுமின்மாற்றி’. (ஒருமுறை அப்படித்தான் கொடுத்துவிட்டேன். பெருக்கியை மாட்டுமுன் மீட்டர் வைத்துப் பார்த்ததால் தப்பியது.) ஒரே பொருளுக்கு இரு வேலை என்பதால் சொல்லும் இணையாக வர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

‘கூட்டு’ எனக்கும் உறுத்துகிறது. கூட்டுக் குடும்பம், கூட்டு வட்டி என்ற வரிசையில் படித்துவிடுவார்கள். ‘ஏற்று’ ஏற்கெனவே ‘ஏற்று மின்மாற்றி’ (ஸ்டெப்-அப்) கைக்குப் போய்விட்டது. வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?